கரஸ் படிப்பும் வாட்ஸ்அப் குழுவும்

இரவு பத்தே முக்கால். கடையை அடைத்து, சாப்பிட்டு, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு பாடப்புத்தகத்தைத் திறக்கிற நேரம். தொலைநிலைக் கல்வியில் பி.காம். படிக்கும் ஒரு பெண் தன் படிப்பு மையத்தின் வாட்ஸ்அப் குழுவில் கேட்கிறார்: “சார், அசைன்மென்ட்ல மூணாவது கணக்குக்குத் தேய்மானம் எந்த முறையில போடணும்? நேர்கோட்டு முறையா, குறைந்து செல் மதிப்பு முறையா?”

குழுவில் 200 பேர். விடிவதற்குள் பாதிப் பேருக்கு மேல் பார்த்துவிட்டார்கள். பதில் மட்டும் இல்லை. அதன்மேல் ரோஜாப்பூ வைத்த காலை வணக்கம் ஒன்று வந்து உட்காருகிறது. பிறகு ஒரு வேலைவாய்ப்புச் செய்தி. தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி சொல்லும் பி.டி.எஃப். அதே பி.டி.எஃப். இன்னொருவர் கையால் மறுபடியும். பத்து மணிக்கெல்லாம் கேள்வி கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது.

கரஸ்ல, அதாவது அஞ்சல்வழியில், டிகிரி படித்தவர்களுக்கு இது பழகிய கதை. கொரோனாவுக்குப் பிறகு மையத்துக்கு ஒன்று, பாடத்துக்கு ஒன்று, பேட்ச்சுக்கு ஒன்று என்று குழுக்கள் முளைத்துவிட்டன. குழு இருப்பதாலேயே மாணவருக்கு உதவி போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கணக்கு எழுதிக்கொள்ளலாமா? கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பல நாடுகளில் இதைச் சோதனை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சில இடங்களில் நான்கைந்து வரிக் குறுஞ்செய்தி நல்ல பலன் தந்தது. வேறு சில இடங்களில் லட்சக்கணக்கானவர்களுக்கு அனுப்பியும் ஒன்றும் நகரவில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தொலைவிலிருந்து படிப்பது எப்போதும் ஒரு செய்தித்தொடர்புச் சிக்கல்தான். இங்கிலாந்தில் 1840-இல் ஒரு பென்னிக்கு நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகும் அஞ்சல் முறை வந்தவுடன், ஐசக் பிட்மன் தபால் வழியாகச் சுருக்கெழுத்து கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். மாணவர் ஒரு பத்தியைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார். பிட்மன் திருத்தித் திருப்பி அனுப்புவார். அந்தத் திருத்தம் திரும்பி வந்ததுதான் அங்கே பாடம். புத்தகத்தைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். தன் தாளில் விழுந்த சிவப்பு மை கடையில் கிடைக்காது. லண்டன் பல்கலைக்கழகம் 1858-இல் வெளி மாணவருக்குப் பட்டத்தைத் திறந்துவிட்டது. இந்தியாவில் டெல்லி பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. 1985-இல் இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். வளர்ச்சி என்று பார்த்தால் பெரிய வளர்ச்சி. ஆனால் எண்ணிக்கை ஏற ஏற, திருத்தித் திருப்பி அனுப்பும் வேலைதான் முதலில் தேய்ந்தது. இன்று பல இடங்களில் அசைன்மென்ட் உள்ளே போகிறது, மதிப்பெண் வெளியே வருகிறது. எங்கே தப்பு என்று மாணவருக்குத் தெரிவதில்லை. இக்னோவின் பெரும்பாலான பாடங்களில் மொத்த மதிப்பெண்ணில் 30 விழுக்காடு அசைன்மென்ட்டுக்குத்தான் என்பதை நினைத்தால் இது சின்ன இழப்பு இல்லை.

நார்வே நாட்டில் தோர்ஸ்டைன் ரெக்கெதால் என்ற கல்வியாளர் 1970-களில் இதை நேரடியாகச் சோதித்தார். அஞ்சல்வழி மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் திருத்திய தாளை விரைவாகத் திருப்பி அனுப்பச் செய்தார். பாடம், புத்தகம் எல்லாம் ஒன்றுதான். தாள் சீக்கிரம் திரும்பிய பிரிவில் படிப்பை நிறுத்தாமல் தொடர்ந்தவர்கள் கூடுதலாக இருந்தார்கள். தாமதத்தில் ஒரு சில நாட்கள் குறைந்ததற்கே அவ்வளவு பலன்.

அதே காலத்தில் அமெரிக்காவில் மைக்கேல் மூர் என்பவர் இதற்கு ஒரு கோட்பாடு வகுத்தார். தொலைநிலைக் கல்வியில் தூரம் என்பது கிலோமீட்டர் அல்ல என்பது அவர் வாதம். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே புரிதலில் விழும் இடைவெளியே உண்மையான தூரம். உரையாடல் கூடினால் அது சுருங்கும். அசைய இடமில்லாமல் பாடத்திட்டம் இறுகியிருந்தால் அது விரியும். இந்தக் கணக்கில், 300 பேர் உட்கார்ந்த அரங்கில் கடைசி வரிசையில் இருப்பவர் வெகு தூரத்தில் இருக்கிறார். அசைன்மென்ட்டில் கிடைத்த பதிலுக்கு மறுகேள்வி கேட்க முடிந்த ஒரு கிராமத்து மாணவர் பக்கத்தில் இருக்கிறார்.

செயலிக்கு வருவோம். வாட்ஸ்அப் போன்றவை தொலைநிலை மாணவருக்குப் பொருந்துவதற்கு அவற்றின் பொறியியலிலேயே காரணம் இருக்கிறது. நீங்கள் அனுப்பும் செய்தி எதிராளியின் போனுக்கு நேராகப் போவதில்லை; நிறுவனத்தின் சர்வருக்குப் போய் அங்கே காத்திருக்கிறது. சர்வருக்குச் சேர்ந்தால் ஒற்றை டிக். எதிராளியின் போன் எப்போது நெட்டுக்கு வருகிறதோ அப்போது இறங்கிக்கொள்ளும். அது இரட்டை டிக். போன் அணைந்தே கிடந்தால் 30 நாள் வரை சர்வரில் கிடக்கும். அதாவது, இருவரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டிய அவசியமில்லை. பகல் ஷிப்டில் வேலை பார்க்கும் மாணவரும் இரவு எட்டுக்குமேல் ஓய்வாகும் ஆசிரியரும் சந்திக்காமலே பேசிக்கொள்ள முடிவது இதனால்தான். நேரலை வகுப்பு இந்த வசதியைத் தராது. ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லோரும் லேப்டாப் முன் வாருங்கள் என்றால், ஞாயிறுதான் வியாபாரம் சூடுபிடிக்கும் நாள் என்றிருப்பவர் வர முடியாது.

டேட்டாவும் ஒரு காரணம். குரல் பதிவை இந்தச் செயலிகள் நன்றாகச் சுருக்கித்தான் அனுப்புகின்றன. ஒரு நிமிடப் பேச்சு சுமார் 100 முதல் 150 கிலோபைட்டுக்குள் அடங்கும். ஒரு மணி நேர வீடியோ வகுப்போ சில நூறு மெகாபைட்டை விழுங்கும். தினம் ஒன்றரை ஜி.பி. ரீசார்ஜை வீட்டில் மூன்று பேர் பங்குபோடும் குடும்பத்தில் இந்த வேறுபாடு தன் படிப்பா, பிள்ளையின் பள்ளிக்கூட ஹோம்வொர்க்கா என்று தீர்மானிக்கிற வேறுபாடு. இன்னொன்று, மாணவர் புதிதாக எதையும் இறக்கிக்கொள்ள வேண்டாம். இந்தியாவில் 40 கோடிப் பேர் தன்னைப் பயன்படுத்துவதாக வாட்ஸ்அப் 2019-லேயே சொன்னது. பல்கலைக்கழகம் லட்சங்கள் செலவழித்துக் கட்டிய இணையதளத்தின் பாஸ்வேர்டு மறந்துபோகும், வாட்ஸ்அப் மறக்காது.

இத்தனை வசதியும் இருந்து அந்த பி.காம். மாணவிக்கு ஏன் பதில் வரவில்லை? இதற்குப் பதில் 1968-லேயே கிடைத்துவிட்டது, அதுவும் கல்லூரி மாணவர்களிடமிருந்து. நியூயார்க்கில் ஜான் டார்லி, பிப் லடானே என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்கார வைத்து, கல்லூரி வாழ்க்கைச் சிக்கல்களைப் பற்றி மைக் வழியாகப் பேசச் சொன்னார்கள். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். பேச்சின் நடுவே ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் குரல் தடுமாறுகிறது. அது முன்பே பதிவுசெய்த ஒலி. கேட்டுக்கொண்டிருப்பது தான் ஒருவர் மட்டுமே என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் எழுந்து உதவி தேடினார்கள். தன்னைத் தவிர இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 விழுக்காட்டினரே எழுந்தார்கள். கல்நெஞ்சம் காரணமில்லை. யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு ஒவ்வொருவருக்குள்ளும் இருந்தது, அவ்வளவுதான்.

நான்கு பேர் கூடுதலாக இருந்ததற்கே இப்படி என்றால் 199 பேருக்கு என்ன ஆகும்? பின்னாளில் இஸ்ரேலில் மின்னஞ்சலை வைத்து இதையே சோதித்தார்கள். ஓர் எளிய தகவலைக் கேட்டு ஒருவருக்குத் தனியாகவும், ஐந்து பேருக்குச் சேர்த்தும் கடிதம் போட்டார்கள். தனியாகப் பெற்றவர்களிடமிருந்து அதிகமாகவும் பயனுள்ளதாகவும் பதில் வந்தது. செயலி நிறுவனங்கள் போகிற திசையோ எதிர்த்திசை. வாட்ஸ்அப் குழுவின் உச்சவரம்பு 100-இல் இருந்து 2016-இல் 256 ஆகி, 2022-இல் 1,024 ஆனது. டெலிகிராமில் இரண்டு லட்சம் பேர் வரை சேரலாம். சேர்க்க முடியும் என்பதற்காகவே சேர்த்துவிடுகிறோம். பத்துப் பேர் குழுவில் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வேண்டிய இணைகள் 45. இருநூறு பேர் குழுவில் அது 19,900. யாருக்கு யாரைத் தெரியும்? தெரியாதவர்கள் நடுவில் தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்வானேன் என்று, விடை தெரிந்தவரும் வாயைத் திறப்பதில்லை.

அடுத்தது, செய்தி யாரிடமிருந்து வருகிறது என்பது. அமெரிக்காவில் கல்லூரியில் இடம் கிடைத்த ஏழைப் பிள்ளைகளில் கணிசமானோர், பள்ளி முடிந்து கல்லூரி திறப்பதற்குள் உள்ள கோடையில் நழுவிவிடுவார்கள். நிரப்ப வேண்டிய படிவங்கள், கட்ட வேண்டிய தொகைகள், கேட்பதற்கு ஆள் இல்லாத குழப்பங்கள். 2012 கோடையில் பெஞ்சமின் காசில்மன், லிண்ட்சே பேஜ் என்ற இரு ஆய்வாளர்கள் சில நகரங்களில் இவர்களுக்கு எஸ்.எம்.எஸ். நினைவூட்டல் அனுப்பினார்கள். ஒவ்வொரு செய்தியிலும், வேண்டுமென்றால் ஓர் ஆலோசகரிடம் பேசலாம் என்ற வாய்ப்பும் இருந்தது. மாணவர் ஒருவருக்கு ஆன செலவு சுமார் 7 டாலர். வேறு உதவி எதுவும் கிடைக்காத மாணவரிடையே கல்லூரியில் சேர்ந்தோர் எண்ணிக்கை தெளிவாகக் கூடியது.

ஆஹா, இவ்வளவு மலிவா என்று நாடு முழுவதற்கும் விரித்தார்கள். எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள். 2021-இல் முடிவு அச்சாகியது. சேர்க்கையில் எந்த மாற்றமும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஆய்வாளர்களில் ஒருவர் அதே காசில்மன். தன் முந்தைய வெற்றி பெரிய அளவில் எடுபடவில்லை என்பதை அவரே ஒளிக்காமல் எழுதினார். அறிவியலில் இதற்குத் தனி மரியாதை உண்டு. உள்ளூரில் தெரிந்த அமைப்பிடமிருந்து வந்த செய்திக்கும், எங்கோ இருக்கும் தேசிய அமைப்பிடமிருந்து வந்த செய்திக்கும் உள்ள வித்தியாசம் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வுக்குழு கருதியது. நம் அனுபவமும் அதுதானே. வங்கியிலிருந்து நாளுக்கு மூன்று எஸ்.எம்.எஸ். வருகிறது, எத்தனையைப் படிக்கிறோம்?

டொரண்டோ பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் கறாரானது. பிலிப் ஓரியோபொலஸும் உரோஸ் பெட்ரோனியெவிச்சும் ஐந்து ஆண்டுகள், சுமார் 25,000 மாணவர்களிடம், இலக்கு எழுதச் செய்வது, போனில் நினைவூட்டுவது, குறுஞ்செய்தி வழியாக ஊக்கம் தருவது என்று பலவகையாக முயன்றார்கள். மாணவருக்கு அது பிடித்திருந்தது. பல்கலைக்கழகம் தங்களை நினைக்கிறது என்று மகிழ்ந்தார்கள். மதிப்பெண் மட்டும் ஏறவில்லை. ஆனால் அந்த முயற்சிகளில் ஒன்று பலித்தது. மேல்வகுப்பு மாணவர்களைப் பயிற்சியாளராக்கி, ஒவ்வொருவருக்கும் சில புதுமாணவரை ஒப்படைத்து, வாராவாரம் முகம் பார்த்துப் பேச வைத்தார்கள். அவர்களின் மதிப்பெண் ஏறியது. தட்டச்சில் வந்த அன்பு போதவில்லை. கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, போன வாரம் சொன்னதை நினைவு வைத்திருந்த ஓர் ஆள் தேவைப்பட்டார்.

இங்கே ஒரு நியாயமான தடை எழும். முகம் பார்க்கத்தான் வேண்டும் என்றால் தொலைநிலைக் கல்வி எதற்கு? போட்ஸ்வானாவில் நடந்த சோதனை இதற்குப் பதில் தருகிறது. அவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள் இல்லை, பள்ளிப் பிள்ளைகள். ஆனாலும் பாடம் நமக்குப் பொருந்தும். 2020-இல் பள்ளிகள் மூடியபோது, 4,500-க்கு மேற்பட்ட குடும்பங்களைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் கணக்கு அனுப்பினார்கள். இன்னொரு பிரிவுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிவிட்டு, ஆசிரியர் ஒருவர் வாரம் 15 முதல் 20 நிமிடம் போனில் கூப்பிட்டார். முதல் பிரிவில் கணக்குத் திறன் குறிப்பிடும்படி ஏறவில்லை. இரண்டாம் பிரிவில் ஏறியது. பிறகு இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஐந்து நாடுகளில் போன் வழிக் கற்பித்தலைச் சோதித்தபோதும் பலன் தெரிந்தது. முகம் தேவையில்லை, பட்டன் போனே போதும். தன் பெயர் தெரிந்த ஒருவர் தன் கணக்கைக் கேட்கிறார் என்பதுதான் தேவை.

அப்படியானால் எல்லாக் கேள்விக்கும் மனிதர்தான் பதில் சொல்ல வேண்டுமா? வேண்டாம். குழுவில் வரும் கேள்விகளில் பெரும்பங்கு ஹால் டிக்கெட் எப்போ, அரியர் பேப்பருக்குப் பழைய சிலபஸா புதுசா, சென்டர் மாத்தலாமா என்ற ரகம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2016-இல் ‘பவுன்ஸ்’ என்ற சாட்பாட்டை இதற்கென்று இறக்கியது. நள்ளிரவிலும் குறுஞ்செய்தியில் பதில் சொல்லும். தனக்குத் தெரியாததை ஊழியருக்குத் தள்ளிவிடும். கோடையில் நழுவும் மாணவர் விகிதம் 21.4 விழுக்காடு குறைந்தது என்று அந்தப் பல்கலைக்கழகம் சொன்னது. நம் பல்கலைக்கழகங்களும் தேதி, கட்டணம், படிவம் ஆகியவற்றை இப்படி ஓர் இயந்திரத்திடம் விட்டுவிடலாம். தேய்மானக் கணக்கை அதனிடம் விடக் கூடாது. காரணம், மாணவர் கேட்கும் கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் அவர் கேட்கத் தெரியாத இன்னொரு கேள்வி இருக்கும். அந்த மாணவிக்கு முறை தெரியவில்லை என்பதல்ல. எந்தச் சொத்துக்கு எது என்பதை வினாவிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் தெரியவில்லை. ஆசிரியர் ஒரு திருப்பிக்கேள்வியில் இதைப் பிடித்துவிடுவார்: “கேள்வியில சொத்தோட அசல் மதிப்பு மேலயா, ஏட்டு மதிப்பு மேலயா சதவீதம் போடச் சொல்லியிருக்கு, பாருங்க.” ஒன்றரை வரி. அவ்வளவுதான் கற்பித்தல்.

செயலியில் இன்னொரு நல்ல வேலையும் நடக்கலாம், பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. படித்ததைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பது நீண்ட நாள் நிற்கும் என்பதை ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி ஆகியோர் 2006-இல் காட்டினார்கள். இடைவெளி விட்டுவிட்டுப் படிப்பதன் பலன் அதற்கும் நூறாண்டு முன்பே, 1885-இல், ஜெர்மனியின் எபிங்ஹாஸ் கண்டது. ஹார்வர்டில் பிரைஸ் கெர்ஃபூட் என்ற மருத்துவர் இந்த இரண்டையும் சேர்த்து, பயிற்சி மருத்துவர்களுக்கு மின்னஞ்சலில் இடைவெளி விட்டுக் கேள்விகள் அனுப்பி நல்ல பலன் கண்டார். நம் குழுவில் என்ன நடக்கிறது? 84 பக்க நோட்ஸை ஒரே பி.டி.எஃப்.ஆகப் போட்டுவிட்டு “ஆல் த பெஸ்ட்” சொல்கிறோம். அதற்குப் பதில் தினம் ஒரு கேள்வி, பஸ்ஸில் நின்றபடி பதில் சொல்லும் அளவில். போன வாரக் கேள்வி ஒன்று வேறு வேடத்தில் இந்த வாரமும். 2022-இல் வாட்ஸ்அப்பில் வந்த வாக்கெடுப்பு வசதியே இதற்குப் போதும். எத்தனை பேர் தப்பான விடையைத் தொட்டார்கள் என்பதைப் பார்த்தாலே அடுத்த தொடர்பு வகுப்பில் எதை நடத்துவது என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

பாதகங்களைச் சொல்லாமல் விட முடியாது. குழுவில் சேர்ந்த அன்றே உங்கள் போன் எண் 199 பேர் கையில். பெண் மாணவருக்கு இது என்னவாக முடியும் என்று விளக்க வேண்டியதில்லை. நள்ளிரவு ‘ஹாய்’ ஒன்று வந்ததுமே குழுவை விட்டு விலகிவிடுவார்கள், அதோடு படிப்புச் செய்தியும் போய்விடும். எண்ணை மறைக்கும் வசதி டெலிகிராமில் உண்டு. வாட்ஸ்அப்பில் அறிவிப்பு மட்டும் போடும் சேனலில் சந்தாதாரர் எண் மற்றவருக்குத் தெரியாது. இந்தியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. மாணவரின் ஒப்புதல் கேட்காமல் எண்களை அள்ளிக் குழுவில் போடும் பழக்கத்தை மையங்கள் இனியாவது விட வேண்டும். ‘கேள்வித்தாள் அவுட்’ என்ற வதந்தியும் எழுதி முடித்த அசைன்மென்ட்டின் படங்களும் இதே குழுக்களில்தான் சுற்றுகின்றன. அட்மின் கண்டும் காணாமல் இருந்தால் குழு கற்றலுக்கு எதிராகவே வேலை செய்யும்.

என் கருத்தில் செய்ய வேண்டியது பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. அறிவிப்புக்கு ஒரு சேனல், அதில் மாணவர் பேச வேண்டாம். பாடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர் தெரிந்த ஓர் ஆசிரியர் அல்லது போன பேட்ச்சில் தேறிய ஒரு சீனியர். வாரத்தில் இரண்டு மாலை, எட்டு முதல் ஒன்பது வரை பதில் கிடைக்கும் என்ற உறுதி. மற்ற நேரத்தில் ஆசிரியரும் மனிதரே. மூன்று வாரம் எதுவும் பேசாதவரை அவர் ஆசிரியர் ஒருமுறை போனில் கூப்பிட வேண்டும். ஏனென்றால் படிப்பை விடப்போகிறவர் கேள்வி கேட்பதில்லை, மௌனமாகிவிடுவார். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஆர்மண்ட் சிம்ப்சன் பல ஆண்டுகள் வற்புறுத்தியது இதைத்தான்: மாணவர் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நாம் முதலில் கூப்பிட வேண்டும். கேட்டு வருகிறவர்கள் எப்படியும் கரையேறிவிடுவார்கள்.

இதில் செலவு ஒன்று உண்டு, அதைப் பேசாமல்தான் எல்லோரும் செயலியைப் புகழ்கிறார்கள். படிப்பு மையங்களில் பாடம் நடத்துபவர்கள் பெரும்பாலும் பகுதிநேரக்காரர்கள். வகுப்புக்கு இவ்வளவு, திருத்தும் தாளுக்கு இவ்வளவு என்றுதான் அவர்களுக்கு மதிப்பூதியம். இரவு எட்டரைக்குத் தன் சொந்த போனில், தன் சொந்த டேட்டாவில், தேய்மானக் கணக்கை விளக்கும் அரை மணி நேரம் எந்தப் பட்டியலிலும் இல்லை. செய்கிற சிலர் தம் நல்ல மனத்தால் செய்கிறார்கள். நல்ல மனத்தை நம்பி லட்சக்கணக்கான மாணவர்களுக்கான ஏற்பாட்டை நடத்த முடியாது. பல்கலைக்கழகங்கள் இந்த நேரத்தையும் பணியாகக் கணக்கிட்டு, மதிப்பூதியப் பட்டியலில் அதற்கென ஒரு வரி சேர்க்க வேண்டும். அடுத்த சேர்க்கை அறிவிப்புக்கு முன்பே சேர்க்க வேண்டும்.